பதினாலு நிமிடம்

புதன்கிழமை மாலை ஐந்து நாற்பத்தெட்டு.
ஓல்டன் நிலையம், ஏழாம் மேடை.
இந்த நாட்டில் எங்கே போவதானாலும்
இங்கே இறங்கி ஏறத்தான் வேண்டும்.
அதனால் நாங்கள் நால்வரும்
ஒருவரையொருவர் தேடிப் பிடிக்கவில்லை.
ரயில் அட்டவணை பிடித்துக் கொடுத்தது.

குகநேசன் லீஸ்டாலில் படிப்பிக்கிறார்.
யோகாம்பிகை ஆராவில்.
அருந்தவம் சொலத்தூர்னில்; மற்ற நாட்களில்
தபால் கிடங்கில் பொதி பிரிக்கிறவர், அதிகம் பேசாதவர்.
நான் லாங்கென்தாலில்.
காலையில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், மத்தியானம் தமிழ்.
கையில் குளோரின் மணம்,
அதன் மேல் சோக்குத் தூள்.

சொக்லேட் விற்கும் எந்திரத்துக்குப் பின்னால்
காற்று அடிக்காத ஒரு மூலை.
நாலு பைகளும் அங்கேதான் வாய் திறக்கும்.

ஒரு நாள் குகநேசன்
குவளையைத் தூக்கிக் காட்டினார்.
“இது என்ன?”
“கோப்பி.”
மறு கையில் திருத்தாத எழுத்துவேலைக் கட்டு.
“இது?”
“கொப்பி.”
“அவ்வளவுதான், குறில் நெடில் முடிஞ்சுது.
இழுத்தால் குடிக்கலாம், இழுக்காவிட்டால் எழுதலாம்.”
மறு கிழமை நானும் அதையே செய்தேன்.
வகுப்பு சிரித்து உருண்டது.
கடைசி வாங்கில் ஆதிரா மட்டும்
கொப்பியின் ஓரத்தைக் கடித்துப் பார்த்தாள்.

எல்லாம் இப்படி வாய்க்காது.
யோகாம்பிகை இருபது குட்டிக் கண்ணாடிகள் தந்தாள்:
“ல, ள, ழ மூன்றுக்கும்
நாக்கு எங்கே போகுதெண்டு பிள்ளையள் தாங்களே பாக்கட்டும்.”
என் வகுப்பில் யாரும் நாக்கைப் பார்க்கவில்லை.
இருபது வெயில் வட்டங்கள் கூரையில் ஓடின,
ஒன்று என் மூக்கில் வந்து உட்கார்ந்தது.
முறைப்பாடு சொன்னேன்.
“வெயில் நாளில ஆர் செய்யச் சொன்னது?
நவம்பர் மூடுபனிக்கு வைத்திரு” என்றாள்.

நவம்பரில்தான் மிதுலன் கேட்டான்.
பன்னிரண்டு வயது, தொப்பியைக் கழற்றாதவன்.
“அம்மாவுக்குக் குரல் பதிஞ்சு அனுப்புறன்.
அப்பப்பா செத்திட்டார்.
இதில நான் ஆருக்கு எழுதுறது, ரீச்சர்?”
என்னிடம் பதில் இல்லை.
“பாடம் பத்தொன்பதைத் திற” என்றேன்.
வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது
என் குரலே எனக்கு.

அன்றைக்கு மேடையில் அதைச் சொன்னபோது
குகநேசன் பகிடி விடவில்லை.
யோகாம்பிகை என் பையின் வாரைச் சரிசெய்தாள்,
அது சரியாகத்தான் இருந்தது.
ரயில் ஏறுமுன் அருந்தவம் ஒன்றே ஒன்று கேட்டார்:
“பேரை எப்பிடி எழுதுவான்?
மிதுலனோ, மிதிலனோ?”

அடுத்த புதன் ஒரு கடித உறை.
முத்திரை இல்லை, முகவரி இருந்தது:
மிதுலன், மூன்றாம் வாங்கு, ஜன்னல் பக்கம்.
உள்ளே சதுரக் கட்டத் தாளில், பென்சிலில்:
“அன்புல்ல மிதுலன்,
என் பெயர் தர்சிகன். என்னிடம் பூனை இருக்குது.
உன்னிடம் என்ன இருக்குது?”

மிதுலன் இரண்டு தரம் வாசித்தான்.
என் மேசைக்கு வந்து
கேட்காமலே சிவப்புப் பேனையை எடுத்தான்,
‘ல’வை வெட்டி மேலே ‘ள’ எழுதினான்.
பிறகு ஒரு ஒற்றை கிழித்துத் தரச் சொன்னான்.
மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

இப்போது அது என் பைக்குள்.
மூன்றே வரி:
“ள எழுதக்கே நாக்கை மடிச்சுப் பார்.
என்னிடம் ஒண்டும் இல்லை, ஒரு தம்பி இருக்கிறான்.
பூனைக்கு என்ன பேர்?”

சொலத்தூர்ன் ரயில் பிந்துகிறது.
பலகையில் ஒன்பது நிமிடம் என்கிறது,
பிறகு பதினைந்து.
குகநேசன் கையசைத்துப் போய்விட்டார்.
யோகாம்பிகை தன் குவளையில் பாதியை
எனக்கு விட்டுப் போனாள்.
என் ரயில் வந்தது,
கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது.
அடுத்தது ஆறு முப்பத்திரண்டுக்கு.

நிற்கிறேன்.
பூனையின் பெயர் எனக்கும் தெரியவேண்டும்.