நாற்பத்தாறாம் நம்பர் கம்பி

பம்புசெட் எரிந்தால் யாரும் தூக்கி வருவார்கள்.
கித்தாரைத் தூக்கி வந்தவன்
மெர்வின் ஒருத்தன்தான்.
போத்தனூர் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன்,
இமை முச்சூடும் கரி.
"சத்தம் பத்தலீங்க.
ஆடறவங்க செருப்புல அமுங்கிப் போகுது."

ஐம்பத்தேழு, கார்த்திகை மாசம்.
கணபதியில் ஆறுக்குட்டி மோட்டார் ரீவைண்டிங்.
செத்த சைக்கிள் டைனமோவிலிருந்து காந்தம் எடுத்தேன்.
நாற்பத்தாறாம் நம்பர் செம்புக் கம்பி;
அதன் பக்கத்தில் தலைமயிர் தாம்புக் கயிறு.
மூச்சை அடக்கி எண்ணிச் சுற்றினேன்.
மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டில்
வெள்ளலூர்க்காரர் ஒருத்தர் தலையை நீட்டி
"நம்ம மோட்டாரு ஆச்சுங்களா?" என்றார்.
போயிற்று எண்ணிக்கை.
அப்புறம் கைக்குத் தோன்றிய மட்டும் சுற்றினேன்.

ஆம்ப்ளிபயர், டூரிங் டாக்கீஸ் கழித்துப் போட்டது.
ஸ்பீக்கர் தாளை எலி கடித்திருந்தது.
மெர்வின் முதல் தந்தியைச் சுண்டினான்.
கரும்பாலையில் கல் சிக்கினாற்போல்
ஓர் உறுமல்.
நான் பசை டப்பாவைத் தேடினேன்.
"தொடாதீங்க," என்றான்,
"அப்படியே கெடக்கட்டும்."

பதினொரு மணிக்கு மேல் சிலோன் ரேடியோ,
அலை வந்து வந்து போகும்.
வருகிற நேரத்தில் எவனோ பியானோவை
உலக்கையால் குத்துவதுபோல் குத்துவான்.
மெர்வின் காதைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு சொல்வான்:
"பருத்திக் காட்டுல, சர்ச்சுல, சாராயக் கடையில
கறுப்பு ஆளுக பாடினதுங்க.
அப்பவெல்லாம் கடையில அதுக்குத் தனி அலமாரி.
வெள்ளைக்காரப் பையன் பாடுனான் பாருங்க,
பேரை மாத்தி
முன்கண்ணாடியில வெச்சுட்டாங்க."

மாசாணி மில்லில் பேல் பிரிக்கிறவன்.
நோம்பிக்கு நோம்பி மேளம்.
ஒருநாள் அமெரிக்கப் பருத்தி வந்த சாக்கில்
ஒரு துண்டு கொண்டுவந்தான்,
அச்சுக் குத்திய மூலை.
மெர்வின் எழுத்துக் கூட்டினான்: மெம்பிஸ்.
முந்தின ராத்திரி ரேடியோக்காரன் சொன்ன ஊர்.
மாசாணி சாக்கை மோந்து பார்த்தான்.
"நம்மூரு சாக்காட்டந்தான் நாறுது."

"பாட்டு? அதுவும் நம்ம அடியாட்டம் இருக்குதா?" என்றேன்.
"இல்லீங்க. அடி வேற.
அடிக்கறவன் எங்க நிக்கறான்னு மட்டும் தெரியுது.
வாசப்படிக்கு அக்கட்ட."

ரயில்வே இன்ஸ்டிடியூட், கிறிஸ்துமஸ் ராத்திரி.
வாசல் பலகையில் நாலு பேர்:
மெர்வின்.
லெஸ்டர், வால்பாறைத் தேயிலைப் பெட்டியில்
மூங்கில் நட்டு ஒற்றைத் தந்தி கட்டியவன்.
ஹேசல், பியானோ; அதில் இரண்டு கட்டை ஊமை.
நாலாவது, மின்சாரம் என்று போட்டு, நான்.
மாசாணியைச் சமையல்கட்டு வழியாக விட்டார் செயலாளர்.
திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்.
"மேடையில பார்க்க நல்லா இருக்காது, பாருங்க."
மெர்வின் என்னைப் பார்த்தான்.
நான் பியூஸைப் பார்த்தேன்.

ஆடினார்கள்.
தேக்குப் பலகை தூசி கக்கிற்று.
கார்டு வீட்டுப் பெண்களின் பாவாடை குடையாய் விரிந்தது.
ஓய்வுபெறப் போகிற டிக்கெட் கலெக்டர்
ஷூவைக் கழற்றி ஜன்னல் வழியே எறிந்தார்.
கைகள் கித்தாரைப் பார்த்துத் தட்டின.
கால்கள் திரைக்குப் பின்னால் கேட்டன.

கோவையில் மின்சாரக் கித்தாரை
முதலில் வாசித்தது யாரென்று
இப்போதும் யாராவது கேட்பதுண்டு.
மெர்வின் என்பேன்; பெர்த்துக்குப் போய்விட்டான்.
கம்பி சுற்றியது நான் என்பேன்.
அதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

அன்றைக்குக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது.
ஸ்டேஷன் டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாஸ்.
மாசாணி தன்னுடையதைச் சித்தெ நேரம்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பாலக்காட்டுப் பக்கம் ஒரு கூட்ஸ் கிளம்பியது.
தண்டவாள இடுக்கில் டடக், டடக்.
இரண்டு டடக்குக்கும் நடுவே
காலியாய்க் கிடந்த இடத்தில்
அவன் கரண்டியால் கிளாஸைத் தட்டினான்.
மறுபடி.
மறுபடி.
நாற்பத்தியொரு வேகன்.
நான் ஒன்றைக்கூட விடாமல் எண்ணினேன்.