தொண்ணூறு பாகை

தாளில் தடித்த எழுத்தில் இருந்தது:
இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்காதீர்கள்.
தாழ்ந்த நாற்காலி வேண்டாம். கால்மேல் கால் வேண்டாம்.
குனிந்து எதையும் எடுக்க வேண்டாம்.
சிரித்துவிட்டேன்.
செவிலி நிமிர்ந்து பார்த்தாள்.

அவளுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும்.
ஹீரன்ஃபேன் பனித்தளத்தில்
முழங்கால் மார்பைத் தொட, முதுகு மேசையாய்க் கிடக்க,
இடக்கையைப் பின்னால் மடித்துவைத்துக்கொண்டு
காற்றுக்கு அடியில் நான் நுழைந்து போனபோது
அவள் பிறந்திருக்கவில்லை.
குனிந்ததற்குத்தான் பதக்கம் கொடுத்தார்கள்.
கடைசிச் சுற்றில் நிமிர்ந்தவள்
நான்காவதாக வந்தாள்.

மூவாயிரம் மீட்டர் என்றால் ஏழரைச் சுற்று.
ஏழரையும் இடப்பக்கமாகவே.
அங்கே யாரும் வலப்பக்கம் திரும்புவதில்லை.
வளைவில் வலக்கால் தாண்டி விழும்வரை
இட இடுப்பின்மேல் நின்றது என் எடை முழுக்க.
ஒரு கணம்தான்.
பதினெட்டு வருடத்துக் கணங்களைக் கூட்டிப் பார்க்க
எக்ஸ்ரே வேண்டியிருந்தது.

"இங்கே ஓர் இடைவெளி இருக்க வேண்டும்,"
பேனா முனையால் காட்டினார் டாக்டர் ஸிப்மா.
இல்லை.

அதற்கு முன்பே தெரியும் எனக்கு.
பார் வைத்த சைக்கிளை விற்றுவிட்டு
லேடீஸ் சைக்கிள் வாங்கிய அன்று
மகளுக்கு என்று கடைக்காரரிடம் சொன்னேன்.
எனக்கு மகள் இல்லை.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே ஊரே இல்லை.
பாட்டுக் கேட்கிறீர்களா என்றார்கள், வேண்டாம் என்றேன்.
ரம்பம் ஓடியது. சுத்தியல் விழுந்தது.
நீலத் துணிக்கு அந்தப்பக்கம் யாரோ
அலமாரி செய்துகொண்டிருந்தார்கள்.
எடுத்ததைக் காட்டச் சொன்னேன்.
எஃகுக் கிண்ணத்தில் வந்தது:
கடைசிப் போட்டி முடிந்து
சமன்செய்யும் வண்டி இன்னும் வராத தளம்போல
கீறல் கீறலாக.

எங்கள் வீட்டு மாடிப்படி ஏணிக்குத் தங்கை.
கட்டிலைக் கீழே, தெருவைப் பார்த்த அறையில் போட்டோம்.
ஜன்னலுக்குத் திரை கிடையாது, இந்தத் தெருவில் எவருக்கும் கிடையாது.
போகிறவர் வருகிறவரெல்லாம் கையுயர்த்தி
நான் படுத்திருப்பதற்கு வணக்கம் வைத்தார்கள்.

பந்தயத்துக்கு முன் என் ஸ்கேட் நாடாவை
பயிற்சியாளரைக்கூடத் தொடவிட்டதில்லை நான்.
இப்போது ஹில்கெ தினமும் மண்டியிட்டு
இரத்தம் உறையாமலிருக்க அந்த வெள்ளைக் காலுறையை ஏற்றுகிறான்.
குதிகால் கோணலாக நின்றது.
சொல்லக்கூடாது என்று நினைத்தேன்.
சொன்னேன்.

மூன்றாம் வாரம், இரண்டே இரவு, கால்வாய் உறைந்தது.
எதிர்வீட்டுப் பையன் சமையலறை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு
நிற்கப் பழகினான்.
உள்ளே நான் வாக்கரோடு.
என்னைப் பார்த்துக் கையசைக்க நாற்காலியை விட்டான்,
விழுந்தான், எழுந்தான்.
எனக்கு மூன்றுக்கும் இன்னும் அனுமதி இல்லை.

அன்று மாலை பௌக்யெ போன் செய்தாள்.
தொண்ணூற்றெட்டில் நொடியின் நூறில் ஆறு பங்கில்
என்னைத் தோற்கடித்தவள்.
அதன்பின் பேசியதே இல்லை.
"எந்தப் பக்கம்?"
"இடது."
"எனக்கும். நவம்பரில்."
இருவரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.
பிறகு கேட்டேன்,
ஊன்றுகோலை எத்தனையாவது நாளில் விட்டாய்?
"முப்பத்தொன்று."
போனை வைத்ததும் நாட்காட்டியில்
முப்பதைச் சுற்றி வட்டம் போட்டேன்.

வட்டத்தை ஹில்கெ அழித்தான்.
மறுபடி போட்டேன், பேனாவால்.
முப்பதாம் நாள் குளியலறை வரை போனேன், கையில் எதுவுமில்லாமல்.
திரும்பிவர முடியவில்லை.
சுவரைப் பிடித்துக்கொண்டு
அவன் பெயரைக் கூப்பிட்டது
தெருவுக்கே கேட்டிருக்கும்.

பதினோராம் வாரம்
யெல்மெர் தரையில் ஆரஞ்சுக் கூம்பு ஒன்றை வைத்தான்.
"வலப்பக்கமாக ஒரு சுற்று வாருங்கள்."
நின்றேன்.
இடக்கால் வலக்காலைத் தாண்டி
முன்னே போக வேண்டும்.
நாற்பத்தெட்டு வயது உடம்பில்
அப்படியொரு சாலை போட்டிருக்கவில்லை.
காலைப் பார்த்தேன். கால் என்னைப் பார்த்தது.
"அவசரமில்லை," என்றான்.
தடுமாறி, கையால் காற்றைப் பிடித்து,
கூம்பை இடித்துத் தள்ளி,
ஒருவழியாக வந்து சேர்ந்தேன்.

எத்தனை நொடி என்றேன்.
அவன் நேரம் பார்க்கவில்லையாம்.