நாற்பத்து மூன்று அங்குலம்

அதிபர் வில்வராசாவின் மணிவிழா மலரில்
பதினேழாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி:
‘தன் வாழ்வையே கலவிக்கு அர்ப்பணித்தவர்.’

முந்நூறு பிரதி.
ஒரு ‘ல’வின் தலையில் ஒரு புள்ளி இல்லை, அவ்வளவுதான்.
மண்டபத்தில் இரண்டாம் வரிசையில் யாரோ
முதலில் சிரித்தார்களாம்.
இரவு அதிபரே போன் எடுத்தார்.
‘பரவாயில்லை பிள்ளை,
என்ர மனிசி இப்பதான் மலரை முழுசா வாசிக்கிறா.’
கொடுக்காமல் மிஞ்சிய நூற்றிப் பத்துக்கும்
விடிய விடிய
மெல்லிய பேனையால் புள்ளி வைத்தேன்.

எனக்கு நாற்பத்தெட்டு.
மடிக்கணினிக்குப் பதினைந்து அங்குலம்.
இனி ஒத்துவராது.

என்.சி. வீதிக் கடையில் சுவர் முழுக்க ரீவி.
எல்லாத்திலும் ஒரே கிளி,
ஒரே மாதுளை பிளக்கிறது,
எந்த நாட்டுடையதோ ஒரு கடல்,
பின்தெருவில் கிடக்கிற எங்கள் கடலைவிட நீலமாய்,
மீன் மணமில்லாமல்.

‘அக்கா, இது ஃபோர் கே. கறுப்பெண்டா கறுப்பு.
மெட்ச் பாத்தா பந்துட தையல் தெரியும்.’
றிஸ்னி நல்ல பெடியன்.
தையல் வேண்டாம், தம்பி.
‘ல’வா ‘ல்’லா,
அது தெரிந்தால் போதும்.

வயர் கேட்டு மடிக்கணினியைக் கொழுவினேன்.
கிளி போயிற்று.
சின்ன எழுத்தில் ‘கல்வி’ என்று அடித்தேன்.

ஐம்பத்தைந்து அங்குலத்தில்
பக்கத்தின் நாலு ஓரமும் சட்டத்துக்குள் போய் ஒளிந்தன.
ஒரு வரி படிக்க
டெனிஸ் பார்க்கிறவள்போல் கழுத்தைத் திருப்ப வேணும்.
என் மேசையின் அகலம் இரண்டரை அடி.
அடுத்ததில் கறுப்பு எழுத்து சரி.
சிவப்போ ஈரத்தாளில் மைபோல் ஊறியது.
நான் திருத்தம் போடுவதே சிவப்பில்.

கடைசி மூலையில், ஒரு வருசமாகக் காட்சிக்கு நிற்கிற
நாற்பத்து மூன்று.
லஹிரு ஏணியால் இறங்கி வந்தான்,
றிமோட்டை வாங்கினான்,
கூர்மையைப் பூச்சியத்துக்கு இறக்கினான்,
வயர் ஏறும் துவாரத்தின் பெயரைக்
‘கம்பியூட்டர்’ என்று மாற்றினான்.
பெயர் மாறியதும் திரை வேறு ஆளாயிற்று.

தமிழ் வாசிக்கத் தெரியாதவன்.
அதனால்தான் அவனைக் கேட்டேன்.
நான் எங்கே புள்ளியைப் பார்க்கிறேன்,
கல்வியைப் பார்க்கிறேன்;
இல்லாத இடத்திலும் மனம் தானே வைத்துக்கொண்டு
அடுத்த சொல்லுக்குப் போய்விடும்,
பதினேழாம் பக்கத்தில் போனதுபோல.
கதவடியில் நின்று சொல்லு தம்பி,
இரண்டாம் எழுத்துக்கு மேல் என்ன?

‘தித,’ என்றான். ‘தித தியெனவா, அக்கே.’
அழித்தேன்.
‘தென் நே.’
திரும்ப வைத்தேன்.
வேகமாக அழித்தும் வைத்தும் ஏமாற்றிப் பார்த்தேன்.
ஒருதரமும் பிழைக்கவில்லை.
இப்படி ஒரு ப்ரூஃப் ரீடர் எனக்கு வாய்த்ததில்லை.

‘உண்மையைச் சொல்லோணும் அக்கா,’ றிஸ்னி
வலது மேல்மூலையைத் தொட்டுக் காட்டினான்.
ஒரு புள்ளி செத்திருந்தது.
எண்பது லட்சத்துச் சொச்சத்தில் ஒன்று,
எந்த நிறமும் ஏறாமல்.
அதற்காகப் பன்னிரண்டாயிரம் கழித்தார்கள்.
போன மாதம் ஒரு புள்ளிக்கு
நான் கொடுத்தது அதிலும் கூட.

ஓட்டோவில் பெட்டிக்கு இருக்கை,
எனக்கு ஓரம்.
பஸ் நிலையத்தடியில் மான்கள் வீதியைக் கடந்தன.
ஒன்று மட்டும் நின்று
வெளியே நீட்டிய மட்டையை மணந்தது.
‘ஹோன் அடியாதேங்கோ,’ என்றேன்.
பழக்கதோஷம்:
முதுகின் மேல்வரிசையை ஒருக்கால் ஓட்டிப் பார்த்தேன்.
விடுபட்டது ஒன்றுமில்லை.
வயிற்றுப்பக்கம் கொஞ்சம் கலங்கல்,
இரண்டாம் ப்ரூஃபில் பார்க்கலாம்
என்பதற்குள்
ஒரு கடி.
பெட்டியில் ‘43’இன் முன்னிலக்கம் மானின் வாய்க்குள்.

மூன்று அங்குல ரீவியோடு
வீடு வந்து சேர்ந்தேன்.