நொய்மன்

கச்சேரிக்குப் பின்னால்
போட்டோப்பிரதிக் கடைக்கும் பல் டாக்குத்தருக்கும் நடுவில்
என் அறை.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று எழுத
பலகை போதாமல்
கடைசி எழுத்து சுவரில் ஏறியிருக்கும்.
பக்கத்துக்கு ஆயிரத்து இருநூறு. முத்திரை தனி.

அருளம்பலம் மூன்றாம் தரமும் வந்துவிட்டார்.
டோர்ட்மண்டில் மகளின் கலியாணப் பதிவு,
இரண்டு தாள், கழுகு குத்திய முத்திரை.
மாப்பிள்ளையின் குடும்பப் பெயரை
நான் நொய்மன் என்று எழுதியது பிடிக்கவில்லை.
"நொய் எண்டால் குறுணல் எல்லோ பிள்ளை.
கோழிக்குப் போடுறது."

அவர்கள் அப்படித்தான் சொல்லுகிறார்கள் ஐயா.

"நியூமன் எண்டு போடும்.
கொஞ்சம் மரியாதையாக் கிடக்கும்."

போட ஏலாது என்றேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.
சீட்டுக்காசு கேட்கிறவர் போலக்
குரலை இறக்கி,
"அவை என்ன ஆக்கள்?"

எனக்குப் பழகிய கேள்வி.
முல்லர் என்றால் மா அரைத்தவன்,
ஷ்மிட் கொல்லன், வேபர் நெய்தவன்,
ஷ்னைடர் தைத்தவன்.
நூற்றாண்டுகளுக்கு முன்
வரி எழுத வந்தவனுக்குச் சொன்ன பதில்
பிள்ளைகளில் ஒட்டிக்கொண்டது.
இன்று ஷ்மிட் பல்லுப் பிடுங்குவார்,
முல்லர் வங்கியில் கடன் மறுப்பார்,
எந்தக் கிணற்றில் அள்ளினாய் என்று
ஒருவரும் கேட்பதில்லை.
அப்படித்தான் நினைக்கிறேன். நான் போனதில்லை.
அகராதி வழியாகப் போய்வருகிறவள்.

போன மாதம் ஒரு தாய்.
மருமகன் ஃபிஷர்.
அர்த்தத்தைச் சொன்னேன்.
காசு தராமலே எழும்பிப் போனாள்.

நொய்மனுக்குத் தொழில் இல்லை ஐயா.
நொய், புது. மன், ஆள்.
ஊருக்குப் புதிதாய் வந்து குடியிருந்தவன்.
தானாக வைத்த பெயரில்லை, ஊர் கூப்பிட்ட பெயர்.
எங்கேயிருந்து வந்தான்,
எது துரத்தியது,
எழுதிவைக்க ஒருவரும் மினக்கெடவில்லை.
வடக்கே நீமன் என்பார்கள், கிழக்குப் பக்கம் நௌமன்.

"அப்ப..."

வந்தான் வரத்தான், என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
இவருடைய விலாசங்களை எல்லாம்
மொழிபெயர்த்தவள் நான்.
வசாவிளான் தெற்கு.
மல்லாகம், முகாம் இலக்கம் நான்கு.
சாவகச்சேரி, பள்ளிக்கூடம்.
கோண்டாவில், மேற்பார்வை பார்த்து
சின்னராசாவின் வளவு.
அந்த வளவில் இருபத்தாறு வருசம் இருந்தும்
கோயிலில் ஒருநாள் பூசை கேட்டபோது
நீங்கள் இந்த ஊரில்லையே என்றார்களாம்.
கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம்
அவரே சொன்னது.

கோபித்துக்கொள்ளவில்லை.
"அங்கை இந்தப் பேர் கனபேருக்கோ?"

கனபேருக்கு.
நாட்டின் முதல் இருபது பெயருக்குள் நிற்கும்.
தொலைபேசிப் புத்தகத்தில்
விரல் நோகும்வரை நொய்மன்.

"அவ்வளவு பேரும் வந்தவையோ?"

எப்பவோ ஒருத்தன் வந்திருப்பான்.

இரண்டாம் தாளைத் தன் பக்கம் திருப்பினார்.
பிறந்தபோதிருந்த குடும்பப் பெயர் என்ற இடத்தில்
அவருடைய பெயர் இருந்தது.
தகப்பன் பெயரைக் கேட்ட ஒரு படிவம்
அதை வம்சமாக்கிவிட்டது.
மகன் அருளம்பலம், மருமகள் அருளம்பலம்,
மூன்று வயதுப் பேரன்
பாலர் பள்ளிச் சப்பாத்தில் அருளம்பலம்.
விரல் விட்டு எண்ணினார்.
"அப்ப அங்கை
நானும் ஒரு ஆக்கள்."

சிரித்தாரா இருமினாரா தெரியாது.

நொய்மன் எண்டே கிடக்கட்டும் என்றார்.
முத்திரையைக் குத்தினேன்.
மை காயும்வரை
சும்மா இருக்க முடியவில்லை அவருக்கு.
கதிரையை முன்னுக்கு இழுத்து
மெதுவாகக் கேட்டார்:
"நீர் எந்தப் பக்கம், பிள்ளை?"