மணி என்ன

தடைக்காலம்.
பாம்பன் தெற்குவாடியில் படகெல்லாம்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன.
எனக்கு வேலை, பாயில் படுத்திருப்பது.
அல்போனிஷா என் வயிற்றில் போனைச் சாய்த்துவைத்து
பழைய கார்ட்டூன் பார்க்கிறாள்.
நானும் பார்க்கிறேன், வேறு வழியில்லை.

நரி துரத்துகிறது, கோழி ஓடுகிறது.
இதில் புதிதாக ஒன்றுமில்லை.
மாடியிலிருந்து ஓர் இரும்புப் பெட்டி தொங்குகிறது;
கயிற்றின் இந்த முனையில் ஒரு கீரிப்பிள்ளை,
தலையில் தொப்பி, கையில் கடிகாரம்.
ஓடிவந்த நரி சடக்கென்று நின்று
"மணி என்ன?" என்கிறது.
கீரி கையைத் திருப்பிப் பார்க்கிறது.
அவ்வளவுதான்.
நரி அப்பளமாகி, உதறி எழுந்து,
மறுபடி ஓடுகிறது.
கீரி வெறுங்கையோடு
நம்மை ஒருதரம் நேராகப் பார்க்கிறது.
பிறகு அது இல்லை.
மொத்தம் ஆறு விநாடி இருக்கும்.

"அந்தக் கீரி பேரென்ன?" என்றேன்.
"எந்தக் கீரி?" என்றாள்.

பின்னால் தள்ளி நிறுத்தச் சொன்னேன்.
முதலாளி யார்,
பெட்டிக்கான காசைப் பங்கில் பிடித்தாரா,
மறுநாள் வேலைக்குக் கூப்பிட்டாரா,
ஒன்றும் காட்டவில்லை.
கடைசியில் ஓடிய இங்கிலீஷ் பேர்களை
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
கீரி என்று எதுவும் இல்லையாம்.

அவள்தான் எண்ணினாள்.
"அப்பா, அதுக்கும் நாலு விரல்."
என் வலக்கையை இழுத்துத் திரைமேல் வைத்தாள்.
சுண்டுவிரல் இருந்த இடம்
அந்த வெளிச்சத்தில் பளபளத்தது.
பிறகு நரிக்கு எண்ணினோம், நாலு.
போலீஸ்கார நாய்க்கு நாலு.
கோழிக்கு, இறக்கை நுனியில், அதுவும் நாலு.
அந்த ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான்.
அங்கே போனால் என்னை யாரும்
'வின்ச்சுக்குக் கொடுத்தவன்' என்று கூப்பிட மாட்டார்கள்.

ஆனால் கீரி கயிற்றை விட்டது.
நான் விடவில்லை.
ஐப்பசியில் ஒரு ராத்திரி, வாடைக்காற்று,
மடி நிறையக் காரல்.
கயிறு புரண்டு விரலைச் சுற்றியபோது
டிரைவர் மிக்கேல் ராயன்
"விடு, விட்டுத் தொலைடா" என்று கத்தினான்.
விட்டிருக்கலாம்.
மடி போனால் முதலாளிக்குத்தானே போகும்.
ஏன் விடவில்லை என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
யாராவது மணி கேட்டிருக்க வேண்டும்.

ஆனி பிறந்து தடை முடிந்த அன்று
விடியுமுன் அரை பார் ஐஸைச்
சாக்கில் சுற்றித் தோளில் வைத்து
பலகையில் ஏறிக்கொண்டிருந்தேன்.
சோற்று வாளியோடு கரையில் நின்றவள்
திடீரென்று கத்தினாள்:
"அப்பா, மணி என்ன?"

எனக்குக் கடிகாரமே கிடையாது.
கையைத் திருப்பிப் பார்த்தேன்.

ஐஸ் பலகையில் விழுந்து நூறாக உடைந்து
பாதி தண்ணிக்குள் போனது.
மிக்கேல் ராயன் என் அம்மாவை இழுத்தான்.
கணக்குப்பிள்ளை நோட்டை எடுத்தார்.
அல்போனிஷா மணலில் உட்கார்ந்து சிரிக்கிறாள்,
மூச்சுகூட வாங்காமல்.
நான் வெறுங்கையோடு,
ஒருதரம்,
கடல் இருந்த பக்கம் நேராகப் பார்த்தேன்.