பகல் ஒன்றரைச் செய்தி

கிளினிக்குக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று
நச்சரித்தான் லிசாந்த்ரோ.
வெள்ளை ஓடு பதித்த சுவர், புது எக்ஸ்ரே கருவி,
நடுவில் நான், சொத்தைப் பல்லோடு
சிரிக்கச் சொன்னதைப் போல.
நான்கு விருப்பக்குறி விழுந்தது.
ஒன்று என்னுடையது.
ஒன்று அடுத்த ஊர் மருத்துவர், வேவு பார்க்க வந்தவர்.

மறுவாரம் புழுவைப் பற்றி எழுதினேன்.
நாயின் குடலில் நாடாப்புழு,
ஆட்டின் ஈரலில் நீர்க்கட்டி,
நம் பிள்ளைகளின் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி.
பன்னிரண்டு பத்தி. சத்தியமான பன்னிரண்டு பத்தி.
திருத்த உட்கார்ந்தவள்
நான்காவதில் தூங்கிப்போனேன்.

பிறகு ஓர் இரவு
முள்கம்பி கிழித்த காதோடு வந்தாள் தோர்மெந்தா.
புயல் என்று அர்த்தம்.
மயக்கம் தெளியும் நேரம்
புயலுக்கு நாக்கு ஒரு முழம் வெளியே கிடந்தது.
படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.
ஊருக்குக் காட்டலாமா என்று தனியாகக் கேட்டேன்.
எர்மெலிந்தா யோசித்தாள்.
"நாக்கை உள்ளே வையுங்கள் முதலில்."
பிறகு, "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்,
அவளுக்கும் கொஞ்சம் அடக்கம் வரும்."

தொள்ளாயிரம் பேர் உள்ள ஊரில்
விடிவதற்குள் அறுநூறு பேர் பார்த்திருந்தார்கள்.
ரொட்டிக்கடையில் என்னை யாரும் நலம் கேட்கவில்லை,
நாக்கை நலம் கேட்டார்கள்.
தேறிவிட்டாள் என்றேன். அதே மூச்சில்,
உங்கள் நாய்க்குப் பூச்சி மாத்திரை கொடுத்து
எத்தனை மாதம் என்றேன்.
சூட்டு ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஆறு பேர் விரல் மடக்கி எண்ணினார்கள்.

ஆற்றுக்கு மேலே சிக்னல் கிடையாது.
அங்கே உத்தரத்தில் தொங்குவது பேட்டரி ரேடியோ.
பகல் ஒன்றரைக்குப் பள்ளத்தாக்கு முழுவதும்
சத்தமில்லாமல் மெல்லும்.
கார்தேனியோ வாசிப்பார்:
"மேட்டுப் பண்ணை ரெமிகியோவுக்கு:
பெண் குழந்தை, மூன்றேகால் கிலோ,
சனிக்கிழமை பாலத்துக்கு இரண்டு குதிரை கொண்டுவரவும்."

என் தாளைக் கொடுத்தேன்.
பிராசிகுவாண்டெல் என்ற சொல்லில் பென்சில் நின்றது.
"இதை நான் உச்சரித்து முடிப்பதற்குள்
அவர்கள் சூப் ஆறிவிடும் டாக்டர்."
அடித்தார், அடித்தார், கடைசியில்
என் பெயர் மட்டும் மிஞ்சியது.
அதன் கீழே அவரே எழுதினார்:
"வியாழன், படகுத்துறை. நாய்களோடு வரவும்.
பச்சை ஈரலை நாய்க்குப் போடாதவர்கள்
முன்வரிசையில் நிற்கலாம்."

நாற்பத்தொரு நாய்கள்.
முன்வரிசையில் எல்லோருமே நின்றார்கள்.
ஒருவர் பன்றியோடு வந்திருந்தார்.
நாய் இல்லையாம்,
பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்ததாம்,
மரியாதைக்கு வந்தாராம்.

எல்லோருக்கும் பின்னால் பாவுதிலியோ.
போன குளிர்காலம் என் கத்தியின் கீழ்
செத்துப்போனது அவருடைய நாய்.
அந்தப் படத்தை நான் எங்கும் போடவில்லை.
எந்த அலைவரிசையிலும் அது வாசிக்கப்படவில்லை.
ஆனாலும் துறையில் இருந்த அத்தனை பேரும்
அவருக்கும் எனக்கும் இடையே வழிவிட்டார்கள்.

கோட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டியை எடுத்தார்.
"படம் வேண்டாம்."
லிசாந்த்ரோவிடமிருந்து ஃபோனை வாங்கி
என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
குட்டி மாத்திரையைத் துப்பியது.
மறுபடி துப்பியது.
அவர் பாலாடைக்கட்டி ஒரு துண்டு கிள்ளி
மாத்திரையை அதில் பொதிந்தார்,
என்னைப் பார்க்காமல்.
நானும் மன்னிப்பைப் பொதிய ஏதாவது தேடினேன்.
படகு சங்கு ஊதியது.

வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை.
கிளினிக் மேசையில் ரொட்டியும் வெங்காயமும்.
படகுக்காரர் கொண்டுவந்து கொடுத்த சீட்டு என்றார் கார்தேனியோ,
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்:
"பாவுதிலியோவிடமிருந்து மருத்துவருக்கு:
துப்பவில்லை."