எடுத்துக் கொடுப்பவன்

குத்தாய்சியில் இன்று புதுப் படம்.
எங்கள் நாடகத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள்.
இருபத்தாறு வருடம்
மேடை விளிம்பில், பெட்டிக்குள் குந்தி,
மறந்தவர்களுக்கு வரி எடுத்துக் கொடுத்தவன் நான்.
இங்கே யாரும் மறப்பதில்லை.
வாய் மட்டும் பழக்கத்தில் அசைகிறது.
முன்வரிசைப் பெண்
சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்தித்
திரும்பி முறைக்கிறாள்.

மூன்றாம் அங்கத்தில்
விதவை வீட்டை விற்கும் பேச்சு,
முழுதாய் இரண்டு பக்கம்,
காணோம்.
பதிலுக்கு ஒரு கை
புளிப்புப் பிளம் பழங்களைக் கழுவுகிறது.
கழுவிக்கொண்டே இருக்கிறது.
அந்தப் பேச்சின் காற்புள்ளிகள்கூட எனக்கு மனப்பாடம்.
கை ஒன்றையும் விடவில்லை.

பிறகு கதவருகே நின்று
வாங்க வந்தவனிடம் சொல்கிறாள்:
"சாவியைச் சற்றுத் தூக்கித் திருப்புங்கள்.
பூட்டுக்குக் கோபம் வரும்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
அந்த வரி புத்தகத்தில் இல்லை.

மின்சாரம் போன ஒரு பிப்ரவரி.
மெழுகுத்திரி வெளிச்சத்தில் சியாலா மறந்துபோனாள்.
விறைத்த விரலோடு
நான் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் தன் வீட்டுப் பூட்டைப் பற்றி
ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டாள்.
அன்று வாசலில் எண்ணினேன்:
பத்தொன்பது பேர்.
அதில் ஒருவன் பொடியன்,
யாருடையதோ பெரிய கோட்டுக்குள்.

திரையில் பெயர்கள் ஏறுகின்றன.
மூலம் என்று ஆசிரியர் பெயர் மட்டும்.
சியாலா போய் ஒன்பது வருடம்.

வீட்டுக்கு வந்து
பழைய பிரதியைப் புரட்டினேன்.
அந்த இடத்தில்
மெழுகு சொட்டிய வட்டம்.
அடியில் எழுத்து தெரிகிறது, மங்கலாக,
அவள் சொல்லாத வரி.